வலேட்டாவில் முதல் நாள்: முகட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மால்டாவின் தலைநகர் வலேட்டா நீளத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர், அகலத்தில் 600 மீட்டர் சொச்சம். கட்டம் போட்டது போன்ற நேர் தெருக்கள். வரைபடத்தைப் பார்த்தால் அரை நாளில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வரைபடத்தில் ஏற்ற இறக்கம் தெரியாது. தனியாக வருகிறவர்கள் முதல் நாள் மதியத்துக்குள் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவதற்குக் காரணம் அதுதான்.

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு. முகட்டின் மேல் ஓடுவது ரிபப்ளிக் தெரு. தென்கிழக்குச் சரிவு கிராண்ட் ஹார்பரில் இறங்குகிறது, வடமேற்குச் சரிவு மார்சம்ஷெட் துறைமுகத்தில். முகட்டுக்கு இணையாகப் போகும் தெருக்களில் நடப்பது எளிது. குறுக்குத் தெருக்கள் ஒரு கடலிலிருந்து ஏறி மறு கடலுக்கு இறங்குபவை, பல இடங்களில் முழுக்கப் படிக்கட்டாகவே மாறிவிடும்.

இது திட்டமிட்டு நடந்ததல்ல. 1565இல் உதுமானியப் படை மால்டாவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. அப்போது தீவை ஆண்ட, போர்வீரத் துறவிகளின் கிறிஸ்தவ அமைப்பான புனித யோவான் சபையின் வீரர்கள் தாக்குப்பிடித்தார்கள். படை விலகிய மறு ஆண்டே, 1566 மார்ச் 28இல், சபைத் தலைவர் ஜான் டி வலெட் இந்த நகருக்கு அடிக்கல் நாட்டினார். போப் அனுப்பிய இத்தாலியப் பொறியாளர் பிரான்செஸ்கோ லப்பரெல்லி குன்றைச் செதுக்கிச் சமமாக்கிவிட்டுக் கட்டத்தான் நினைத்தார். எதிரி எந்நேரமும் திரும்பி வரலாம் என்ற அச்சத்தில் அந்த வேலை கைவிடப்பட்டது. அதனால்தான் சமதளத்துக்கு வரைந்த கட்டம் சரிவின் மேல் விழுந்து படிக்கட்டுகளாகிவிட்டது.

விமான நிலையத்திலிருந்து எக்ஸ் 4 பேருந்து வலேட்டாவுக்கு வருகிறது, அரை மணி நேரப் பயணம். அதே எண் எதிர்த்திசையில் பிர்செபுஜாவுக்கும் போகும், ஆகவே முகப்பில் வலேட்டா என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். ஓட்டுநரிடமே டிக்கெட்: கோடையில் 2.50 யூரோ, குளிர்காலத்தில் 2 யூரோ, இரண்டு மணி நேரம் செல்லும். பெரிய நோட்டை நீட்டாமல் சில்லறையாக வைத்திருங்கள். 2022 அக்டோபர் முதல் உள்ளூர்வாசிகளுக்குப் பேருந்து இலவசம் என்பதால் கூட்டம் அதிகம். வழி நிறுத்தங்களில் கை காட்டினால்தான் வண்டி நிற்கும், நிரம்பியிருந்தால் கை காட்டினாலும் நிற்காது. விமான நிலைய நிறுத்தத்தில் பெட்டியோடு முன்னால் நில்லுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. ரோம், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஷெங்கன் நகரம் வழியாக வந்தால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். தங்குமிட முன்பதிவு, திரும்பும் டிக்கெட், 30,000 யூரோ மதிப்புள்ள பயணக் காப்பீடு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் பெட்டிக்குள் போகாமல் கைப்பையிலேயே இருக்கட்டும். மின்செருகி மூன்று சதுரக் கால் வகை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அதே செருகி பொருந்தும், இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அடாப்டர் தேவை. ஐரோப்பா என்றதும் இரண்டு உருண்டைக் கால் அடாப்டரை வாங்கி வந்தால் இங்கே பயன்படாது.

பேருந்து நிலையம் நகர வாயிலுக்கு வெளியே, டிரைட்டன் நீரூற்றைச் சுற்றி இருக்கிறது. அங்கிருந்து அறைக்குப் போவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கைபேசி காட்டும் குறுகிய வழி படிக்கட்டுத் தெருவில் கொண்டுபோய் விடும். சக்கரப் பெட்டியோடு எண்பது படி ஏறுவது வீண் சோதனை. ரிபப்ளிக் தெருவிலோ அதற்கு இணையான மெர்ச்சன்ட்ஸ் தெருவிலோ நேராக நடந்து, உங்கள் குறுக்குத் தெருவுக்கு நேர் மேலே வந்ததும் கீழே இறங்குங்கள். ஏறவே கூடாது, இறங்க மட்டும்தான் வேண்டும். அறையைப் பதிவு செய்யும் முன்பே வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? பழைய வீடுகளின் படிக்கட்டு ஒரு ஆள் நுழையும் அகலத்தில் வளைந்து வளைந்து போகும். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்றால், பேருந்து நிலையத்தை ஒட்டிய பெட்டகங்களில் பெட்டியைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நகருக்குள் போங்கள்.

காலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நகர வாயிலிலிருந்து ரிபப்ளிக் தெருவின் கடைசி வரை, அருங்காட்சியகம் எதிலும் நுழையாமல், ஒரு நடை. வாயிலும் அதையொட்டிய நாடாளுமன்றமும் இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ரென்சோ பியானோவின் வேலை. பக்கத்தில் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்தவெளி அரங்கு 1942இல் குண்டுவீச்சில் அழிந்த ஓபரா மாளிகை. சபைத் தலைவரின் அரண்மனையைத் தாண்டியதும் தெருவே செங்குத்தாகச் சரிந்து செயின்ட் எல்மோ கோட்டையில் முடியும். 1565 முற்றுகையில் ஜூன் 23இல் விழுந்த கோட்டை இதுதான். திரும்பும்போது அதே தெருவில் ஏறாதீர்கள். கோட்டையிலிருந்து கிராண்ட் ஹார்பர் பக்கமாக மதிலை ஒட்டிப் போகும் சாலையில் ஏற்றம் மெதுவாக இருக்கும், கடல் காற்றும் வரும்.

நடக்கும்போது சுவர்களைக் கவனியுங்கள். நகர் முழுதும் ஒரே தேன் நிறச் சுண்ணாம்புக்கல், கைக்கருவியால் அறுக்கும் அளவுக்கு மென்மையானது. உப்புக் காற்று அரித்துக் கல்லில் குழிகுழியாக இருப்பதைக் கடலோரச் சுவர்களில் பார்க்கலாம். அழகுதான், ஆனால் பயணிக்கு இரண்டு தொல்லை: ஜூலை, ஆகஸ்டில் வெயிலைத் திருப்பியடித்துக் கண்ணைக் கூசச் செய்யும். மழை பெய்தாலோ, நூற்றாண்டுகளாகத் தேய்ந்த தளக்கல் சோப்பு பூசியது மாதிரி வழுக்கும். குளிர் கண்ணாடியும், அடிப்பகுதியில் பிடிமானம் உள்ள காலணியும் இரண்டு பருவத்துக்கும் வேண்டும். குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. குடித்தால் கெடுதல் இல்லை, சுவைதான் ஒட்டாது. பாட்டில் வாங்கினால் விலையோடு 10 சென்ட் வைப்புத்தொகை சேரும். காலி பாட்டிலை நசுக்காமல் இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும்.

மதியத்துக்கு பஸ்தீட்ஸி வாங்குங்கள். அடுக்கடுக்கான மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ மசித்த பட்டாணியோ வைத்துச் சுட்டது, ஒன்று ஒரு யூரோ அளவில். இரண்டு சாப்பிட்டால் வயிறு நிறையும், தனியாக மேசை தேடி உட்காரவும் வேண்டாம். கண்டிப்பான சைவர்கள் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. ஃப்திரா என்ற தட்டை ரொட்டியில் தக்காளி, கேப்பர், ஆலிவோடு சூரை மீனும் வழக்கமாக வரும். மீன் வேண்டாம் என்று முன்பே சொன்னால் போட மாட்டார்கள். ஆங்கிலம் ஆட்சிமொழி, கேட்பதில் சிரமம் இல்லை.

புனித யோவான் இணைப் பேராலயத்தை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சொகுசுக் கப்பல் வரும் நாட்களில் காலை பத்து மணியிலிருந்து குழு குழுவாக வந்து வரிசை தெருவுக்கு நீளும், இரண்டு மணிக்கு மேல் கரைந்துவிடும். கப்பல் வருகை அட்டவணை துறைமுகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, மற்ற நாட்களில் மாலை நான்கு மணியையொட்டி உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஊசிக் குதிகால் செருப்புக்குத் தடை, அதில் நியாயம் உண்டு: தரை முழுவதும் ஏறத்தாழ 400 சபை வீரர்களின் கல்லறைப் பலகைகள், பல நிறப் பளிங்கில் பதித்தவை.

வெளியே கோட்டை மாதிரி மொட்டையாக நிற்கும் கட்டிடம், உள்ளே இப்படிப் பொன்னாக விரியும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. விதானத்தில் மத்தியா பிரேத்தி கல்லின் மேலேயே எண்ணெய் வண்ணத்தால் வரைந்திருக்கிறார். ஆனாலும் நேரத்தை மிச்சம் பிடித்து வைக்க வேண்டியது ஜெபக்கூடத்துக்கு. அங்கே இருப்பது இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1608இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலை கொய்யப்படும் ஓவியம். ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். அவர் கையெழுத்திட்டதாக அறியப்படும் ஒரே ஓவியம் இது, அந்தக் கையெழுத்தும் யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்தில். கொலைப் பழியோடு ரோமிலிருந்து ஓடி வந்த காரவாஜ்ஜோவைச் சபை வீரராகச் சேர்த்தார்கள், சில வாரங்களில் சிறையிலும் அடைத்தார்கள். அவர் சிசிலிக்குத் தப்பினார். அதே ஆண்டு டிசம்பரில், இந்த ஓவியத்தின் முன்னாலேயே கூடி, அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். முன் வரிசையில் முட்டி மோதாமல் பின்னால் தள்ளி நின்று பாருங்கள். வலப்பக்கம் பாதிக்கு மேல் வெறும் சுவராக விட்டிருப்பதன் வலிமை தூரத்தில்தான் தெரியும்.

மூன்றே முக்கால் மணிக்கு அப்பர் பரக்கா தோட்டத்தில் இருந்தால் போதும். கீழே உள்ள பீரங்கி மேடையில் தினமும் நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் குண்டில்லாமல் பீரங்கி வெடிக்கிறார்கள். தோட்டத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து காசில்லாமல் பார்க்கலாம். நண்பகலைவிட மாலை வெடியே நல்லது. எதிர்க்கரையில் இருக்கும் மூன்று நகரங்கள் மீது வெயில் நேராக விழுவது அப்போதுதான், காலையில் சூரியன் முகத்தில் அடிக்கும்.

வெடி முடிந்ததும் தோட்டத்து லிஃப்டில் இறங்குங்கள். உயரம் 58 மீட்டர், 2012இல் கட்டியது. இறங்கக் கட்டணம் இல்லை, ஏறத்தான் ஒரு யூரோ, அதுவும் படகு டிக்கெட் இருந்தால் வேண்டாம். எனவே டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். கீழே சாலையைக் கடந்தால் படகுத்துறை. பத்து நிமிடத்தில் எதிர்க்கரை. வலேட்டா எழும்புவதற்கு முன்பு, 1530இலிருந்து சபை வீரர்கள் குடியிருந்த பிர்கு அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் இந்தக் கூரையின் முழு வடிவமும் கண்ணுக்குக் கிடைக்கும்: மதில், மதிலுக்கு மேல் வீடு, வீட்டுக்கு மேல் மணிக்கூண்டு. முதல் நாளிலேயே கடலைக் கடந்துவிடுங்கள் என்று வற்புறுத்துவது இதற்காக. ஒரு தடவை வெளியிலிருந்து பார்த்துவிட்டால் மறுநாள் எந்தத் தெரு எங்கே ஏறுகிறது என்று கைபேசியைக் கேட்க வேண்டியிருக்காது.

கடைசிப் படகின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். இறங்கியவுடன் துறையிலுள்ள பலகையைப் பாருங்கள், குளிர்காலத்தில் சீக்கிரம் முடிந்துவிடும். வடகிழக்கிலிருந்து கிரெகால் காற்று வீசும் நாட்களில் படகே ஓடாமல் போகலாம். தவறவிட்டால் பிர்குவிலிருந்து 2ஆம் எண் பேருந்து வலேட்டா வாயிலுக்கே வருகிறது. படகில் திரும்பி வந்து, லிஃப்ட் மூடியிருந்தால், சாலையோரமாகச் சற்று நடந்து விக்டோரியா வாயில் வழியாக ஏறுங்கள். விளக்கு வெளிச்சம் உள்ள வழி, நின்று நின்று ஏறினால் பதினைந்து நிமிடத்தில் மெர்ச்சன்ட்ஸ் தெருவுக்கு வந்துவிடலாம்.