கிடுகு

யாழ்ப்பாணத்தில் கிடுகு என்றால் எல்லோருக்கும் தெரியும். தென்னோலையை ஊறவைத்துக் கிழித்துப் பின்னுவது. கூரைக்கும் வேலிக்கும் அதுதான். சங்க காலத்தில் இதே சொல் போர்வீரன் கையில் ஏந்திய கேடயத்தைக் குறித்தது.

பட்டினப்பாலையில் வரும் இடம் எனக்கு உயிர். காவிரிப்பூம்பட்டினத்து மீனவர் குடிசைகள், கூரை தாழ்ந்தவை. நீளமான தூண்டில் கோல்களை அவற்றின்மேல் சாத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் புலவர் உருத்திரங்கண்ணனாருக்கு நடுகல் ஞாபகம் வருகிறது. இறந்த வீரனின் கல்லைச் சுற்றிக் கிடுகுகளை வரிசையாக நிறுத்தி, வேல்களை ஊன்றி அரண் அமைப்பார்களாம். அதுபோல இருக்கிறதாம் அந்த மீனவர் குடியிருப்பு! "கிடுகு நிரைத்து எஃகு ஊன்றி, நடுகல்லின் அரண் போல" என்பது வரி. எப்பேர்ப்பட்ட கண் அது!

கேடயம் வடமொழி வழி வந்த சொல். அதைத் தவிர கிடுகு, தோல், பலகை என்றெல்லாம் பழந்தமிழில் பெயர்கள் உண்டு. எதனால் செய்தது என்பதைத் தோல் என்ற பெயரே சொல்லிவிடுகிறது. புறநானூறு 4ஆம் பாட்டில் பரணர், அம்பு துளைத்த தோல்களை எய்து பழகும் இலக்குகளுக்கு ஒப்பிடுகிறார்.

தோலும் பலகையும் இன்று கேடயத்தைக் குறிப்பதில்லை. கிடுகும் அப்படித்தான், ஆனால் ஈழத்தில் இன்னும் வீட்டைக் காத்து நிற்கிறது.