ஒன்பதாம் வகுப்பு பி பிரிவும் ஒரு புறநானூற்றுப் பாட்டும்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். எனக்குக் கிடைத்தது காளையார்கோவில் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, 41 பேர்.

கல்லூரியில் நுண்நிலைக் கற்பித்தலில் நல்ல பெயர் வாங்கியவள் நான். அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருந்தது என் தோழிகள்தானே. கேள்வி கேட்பதற்குள் பதில் வந்துவிடும். நான் அவர்களுக்குச் செய்ததும் அதுதான்.

முதல் செய்யுள் வகுப்பு பெரியபுராணம், திருநாட்டுச் சிறப்பு. ஆர்வமூட்டல், முன்மாதிரி வாசிப்பு, கருத்து வழங்கல், மதிப்பீடு என்று பாடக்குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். முக்கால் மணி நேரப் பாடத்தை 18 நிமிடத்தில் முடித்துவிட்டேன். மீதி நேரம் சொல்லும் பொருளும் எழுதச் சொன்னேன். பின்பெஞ்சில் ஒருவன் தலையைக் கவிழ்த்துத் தூங்கினான். எழுப்பத் தைரியம் வரவில்லை.

வழிகாட்டி ஆசிரியரைப் பிள்ளைகள் தமிழம்மா என்பார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. என் குறிப்பேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, உன்னை யாராவது விரட்டுறாங்களா? பாட்டை மூணு தடவை வாசி. அப்புறம் கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நில்லு" என்றார். முதல் யோசனை சுலபம். இரண்டாவதுதான் உயிரை எடுத்தது. கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக நிற்கும் பத்து நொடி எவ்வளவு நீளம் என்பது கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து வந்தது புறநானூறு, குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடியது. 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே' என்ற வரி எல்லோருக்கும் தெரியும். நான் பயந்தது மற்ற வரிகளுக்கு. இரண்டு நாள் மொட்டைமாடியில் உரக்கப் படித்தேன். எங்கே மூச்சு விட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்.

வகுப்பில் மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை சீர் பிரித்து, மெதுவாக. பிறகு கேட்டேன்: "இதுல எந்த வரி உங்க ஊர் மாதிரி இருக்கு?"

பதில் இல்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பதினேழு எண்ணும்போது சன்னலோரப் பெண் எழுந்தாள். "வித்தி வான்நோக்கும் புன்புலம் மிஸ். விதைச்சிட்டு வானத்தைப் பாக்குறது. வானம் பார்த்த பூமின்னு எங்க அப்பத்தா சொல்லும்." நான் குறிப்பேட்டில் 'விதைத்துவிட்டு மழையை எதிர்நோக்கும் புன்செய் நிலம்' என்று எழுதி வைத்திருந்தேன். அவள் சொன்னதே போதும்.

'நிலன் நெளி மருங்கு' என்பதற்கு நிலம் குழிந்த இடம் என்று பொருள் சொன்னேன். அங்கெல்லாம் நீர்நிலை பெருக்கச் சொல்கிறார் புலவர். ஏன் குழிந்த இடம் என்றேன். அன்று தூங்கியவன் வாய் திறந்தான்: "பள்ளத்துலதான மிஸ் கரை போட முடியும்? மேட்டுல போட்டா தண்ணி எங்கிட்டு நிக்கும்?"

சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். வளைந்த கரை, அதில் மடை, ஓரத்தில் கலுங்கு, உள்வாய் என்று முழுக் கண்மாயையும் வரைந்துவிட்டான். நான் மதுரை நகருக்குள் வளர்ந்தவள். எனக்குக் கண்மாய் என்றால் வண்டியூர்க் கண்மாய் ஓரத்து நடைபாதைதான். "கலுங்குன்னா என்னப்பா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், ஆசிரியை இப்படிக் கேட்கலாமா என்று உறைத்தது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நிறைந்த கண்மாயில் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறும் வழி அது. அப்படிப் போவதை மறுகால் பாய்வது என்கிறார்கள்.

அதோடு விடவில்லை. "அவரு ராஜாக்கிட்ட கேட்டாரு. நாங்க யாருட்ட மிஸ் கேக்குறது? எங்க கண்மாய் பூராம் கருவேல மரம்" என்றான் இன்னொருவன். பஞ்சாயத்தில் என்றது ஒரு குரல், கலெக்டரிடம் என்றது இன்னொன்று. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். கல்லூரியிலிருந்து பார்வையிட ஒரு பேராசிரியர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததும் அன்றுதான். 'வகுப்பில் இரைச்சல். மதிப்பீட்டுப் படி விடுபட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விடுபட்டது உண்மைதான். ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பகுபத உறுப்பிலக்கணம் நடத்தினால் கொட்டாவி இன்னும் வரத்தான் செய்தது. யாப்பு இன்னும் மோசம். 12ஆவது வாரம், அதே பாட்டில் 'கொடுத்தோர்' என்ற சீரை அசை பிரிக்கும்போது 'கொ' என்று தனியாகப் பிரித்து நேர் என்று எழுதிவிட்டேன்.

"மிஸ், கொடுத் நிரை, தோர் நேர். புளிமா" என்றாள் சன்னலோரப் பெண்.

"ஆமா, புளிமாதான்." அழித்துவிட்டு எழுதினேன். அடுத்த சீருக்கு அவளையே கரும்பலகைக்குக் கூப்பிட்டேன்.