கால்க் கையேட்டைப் பி.ஓ.டி. முறையில் அச்சிட்ட அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் கணினி கற்பவர்களில் பலர் எம்.சி. ரோடு துணிக்கடைகளில் கணக்கு எழுதுபவர்கள். அவர்களுக்காக லிப்ரேஆபிஸ் தொகுப்பில் கணக்கு அட்டவணை போடும் மென்பொருளான கால்க் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி முடித்தபோது, அதைப் பி.ஓ.டி. முறையில், அதாவது கேட்கும்போது கேட்ட பிரதியை மட்டும் அச்சிடும் முறையில், அச்சிடுவதென்று தயக்கமின்றி முடிவு செய்தேன். மொத்தமாக அச்சிடும் ஆப்செட் முறையில் பிளேட் எனும் அச்சுத் தகடு போடும் செலவு சில நூறு பிரதிகளில் பரவினால்தான் விலை கட்டுப்படியாகும். லிப்ரேஆபிஸோ பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் என்று ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மெனு மாறிய பிறகு கட்டுக்கட்டாகத் தேங்கும் பழைய பிரதிகளை யாருக்கு விற்பது? பி.ஓ.டி.யில் ஒரு பிரதியின் அடக்கவிலை கூடுதல்தான், ஆனால் பி.டி.எஃப்.பைத் திருத்தி ஏற்றிவிட்டால், அடுத்து அச்சாகும் பிரதியே திருத்தம் பெற்றதாக வருகிறது.

உழைப்பில் பெரும்பகுதியை ஸ்கிரீன்ஷாட்டுகளே வாங்கிக்கொண்டன. 1920 பிக்சல் அகலமுள்ள முழுத்திரைக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கணக்கில் 6.4 அங்குலம் தேவை. என் பக்கத்தில் கிடைத்ததோ நாலரை அங்குலம். அதற்குள் அடக்கினால் மெனுவின் எழுத்துகளைப் படிக்கவே முடியாது. ஆகவே திரையின் அளவீட்டை 200 விழுக்காடாக்கி, விளக்கப்படும் பெட்டியை மட்டும் வெட்டி எடுத்தேன். ஒரு பக்கம் வண்ணமானாலும் புத்தகம் முழுவதற்கும் வண்ண விலை வாங்குவது பல நிறுவனங்களின் வழக்கம் என்பதால் உள்பக்கங்களைக் கறுப்பு வெள்ளையாகவே வைத்தேன். சிவப்பு வட்டம் அதில் சாம்பலாகிவிடும், எனவே சொடுக்க வேண்டிய இடங்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டேன்.

தமிழ் எழுத்து தனிக் கவனம் கேட்டது. ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளிலிருந்து எடுத்த மாதிரிப் பிரதியில் ‘கோப்பு’ என்ற சொல்லின் கொம்பும் காலும் பிரிந்து, நடுவே புள்ளி வட்டம் விழுந்திருந்தது. எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் தானியங்கிச் சோதனை அந்தக் கோப்பை ஏற்றுக்கொண்டிருந்தது. பிறகு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கொண்டு லிப்ரேஆபிஸ் ரைட்டரிலேயே பக்கம் அமைத்தேன். காகிதத்தில் வந்த மாதிரிப் பிரதியை, கையில் பென்சிலுடன், வரி விடாமல் படித்த பிறகே விற்பனைக்கு அனுமதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பசை பைண்டிங் போட்ட புத்தகம் மேசையில் விரிந்து நிற்பதில்லை. இரு கைகளாலும் தட்டச்சு செய்பவருக்கு இது பெரிய இடையூறு. உள் ஓரத்தைத் தாராளமாக விட்டிருந்தேன். சில மாணவர்கள் முதுகை வெட்டிவிட்டு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக்கொண்டபோதும் எழுத்து அடிபடாமல் தப்பியதற்கு அந்த ஓரமே காரணம்.

ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கட்டணமின்றி வழங்குகிறது. சிறு திருத்தங்களுக்கு அதே எண் போதும். உள்ளடக்கம் கணிசமாக மாறினால் புதுப் பதிப்பாகக் கொண்டு புதிய எண் பெற வேண்டும். பக்கங்கள் கூடும்போது முதுகின் தடிமனும் மாறுவதால் அட்டைக் கோப்பையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கிறது. எந்த மென்பொருள் பதிப்புக்கு உரியது, எந்த மாதம் திருத்தியது என்ற இரண்டையும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ஒவ்வொரு முறையும் அச்சிடுகிறேன்.