‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லும் பிள்ளையிடம் என்ன கேட்பது?

பள்ளி விட்டு வந்த பிள்ளையிடம் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணுமில்ல." காலையிலிருந்து மாலை வரை வகுப்பில் எவ்வளவோ நடந்திருக்கும். காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பி, டப்பா மூடி, டீச்சரின் வளையல் என்று தேடித் தேடி ஒட்டிப் பார்த்திருப்பார்கள், ஒருத்திக்குப் பல் விழுந்து அதைக் காகிதத்தில் மடித்து வைத்திருப்பாள், இரண்டு பேர் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் சண்டை போட்டிருப்பார்கள். வீட்டு வாசலைத் தாண்டியதும் எல்லாம் ஒண்ணுமில்ல.

தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பெற்றோருக்குத் தகவல் சொல்வது என்றால் எனக்குத் தெரிந்தது சுற்றறிக்கையும் டைரியில் ஒட்டிய துண்டுச்சீட்டும் தான். கையெழுத்து வந்துவிட்டால் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு. தொலைபேசியில் அழைப்பது ஏதாவது பிரச்சினை என்றால் மட்டும். அதனால் பள்ளியின் எண்ணைத் திரையில் பார்த்ததுமே பல பெற்றோருக்குக் குரல் மாறிவிடும். "என்ன பண்ணிட்டான் டீச்சர்?" இதுதான் முதல் வார்த்தை, வணக்கம்கூட அப்புறம்தான்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அம்மா தொடர்ந்து மூன்று பெற்றோர் கூட்டங்களுக்கு வரவில்லை. ஆனால் டைரியில் கையெழுத்து ஒருநாளும் தவறாது. அக்கறை இல்லாதவர் என்று நானே முடிவு கட்டி, ஆசிரியர் அறையில் சொல்லவும் செய்தேன். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் அடித்ததால் அழைத்துப் போக வந்தவர், வாசலில் நின்றபடியே சொன்னார்: "கூட்டம் வைக்கிற நேரத்துல எனக்கு ஷிஃப்ட் டீச்சர். நீங்க அனுப்புற தாள்ல கையெழுத்து போடுறேன், ஆனா எனக்குப் படிக்க வராது. அவன்தான் படிச்சுக் காட்டுவான். அவனுக்கு வேணும்கிறதை மட்டும் படிக்கிறான்னு நினைக்கிறேன்."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரைப் பற்றிப் பேசியதை மறுநாள் அதே ஆசிரியர் அறையில் திருத்திச் சொன்னேன். அப்புறம் வகுப்பில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரு கேள்வி போனது: உங்களுக்கு எந்த மொழியில், எந்த நேரத்தில், எப்படிச் சொன்னால் வசதி? எழுத்தா, குரல்பதிவா, அழைப்பா? சில வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாத்தா பாட்டி, ஆனால் பள்ளிப் பதிவேட்டில் இருப்பது அப்பாவின் எண். நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் பிள்ளையின் அன்றாடத்தைப் பார்க்காத ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தன.

அதிலிருந்துதான் தினமும் ஒரே ஒரு கேள்வி அனுப்பும் பழக்கம் வந்தது. செய்தி அல்ல, கேள்வி. "இன்று கேளுங்கள்: காந்தம் எதை இழுக்கவில்லை?" "இன்று கேளுங்கள்: கதையில் வந்த ஆமை ஏன் திரும்பிப் போனது?" முப்பது வினாடிக் குரல்பதிவு, அதையே ஒரு வரியாக எழுத்திலும். "என்ன நடந்துச்சு" என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு மிகப் பெரிய கேள்வி, ஒரு முழு நாளையும் கிளறி அதில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். "காந்தம் உங்க டீச்சர் வளையல்ல ஒட்டுச்சா?" என்று கேட்டால் போதும், வாய் தானாகத் திறந்துவிடும்.

ஆரம்பத்தில் தனிப்பட்ட செய்திகளில் பாராட்டு மட்டும்தான் அனுப்பினேன். பயந்து போயிருந்த பெற்றோருக்கு அது தேவையாகவும் இருந்தது, இன்றும் வருடத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தியோடு அழைத்துவிடுகிறேன். ஆனால் ஒரு அப்பா கேட்டார், "நல்லா படிக்கிறான்னு சொல்றீங்க, சந்தோஷம். வீட்டுல நாங்க என்ன செய்யணும்னு யாருமே சொல்றதில்லையே?"

பிறகு மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் அமெரிக்காவில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். தவறிய பாடத்தை விடுமுறையில் மறுபடி படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு, ஆசிரியரிடமிருந்து வாரம் ஒரு வரி, அவ்வளவுதான். பாடத்தில் தேர்ச்சி பெறாமல் போனவர்கள் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தார்கள். எதை இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று சொன்ன வரிகளுக்கு, பாராட்டிய வரிகளைவிடப் பலன் அதிகம். அவர்கள் பெரிய பிள்ளைகள், சின்ன வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரி வீட்டில் நடந்த பேச்சையே மாற்றியது என்று ஆய்வாளர்கள் கண்டதை, என் வகுப்பில் நானும் பார்த்திருக்கிறேன். இப்போது என் செய்தி இப்படி இருக்கும்: "வாய்விட்டு வாசிக்கும்போது முற்றுப்புள்ளியில் நிற்காமல் ஓடுகிறாள். இன்று ஐந்து வரி மட்டும் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், புள்ளி வரும்போது நீங்கள் ஒரு தட்டு தட்டுங்கள்." படிக்கத் தெரியாதவர்கூட புள்ளியைப் பார்த்துத் தட்டலாம்.

கணக்குதான் வீட்டில் அதிகம் சண்டை வரும் இடம். கடன் வாங்கிக் கழிப்பதை அப்பா ஒரு விதமாகச் சொல்லித் தருவார், பிள்ளை "டீச்சர் இப்படிச் சொல்லல" என்று அழும், இரண்டு பேருக்கும் மனசு கசந்துவிடும். புதுமுறை தொடங்கும் நாளில் ஒரு கணக்கைப் பலகையில் போட்டு, பேசிக்கொண்டே பதிவுசெய்து அனுப்புகிறேன். கூடவே, நீங்கள் படித்த முறையும் சரிதான், அதையும் பிள்ளைக்குக் காட்டுங்கள் என்று சொல்கிறேன். இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதைப் பிள்ளை பார்ப்பதே பெரிய பாடம்.

வாட்ஸ்அப் குழு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விடுமுறை, நேரமாற்றம், நாளை கொண்டுவர வேண்டியது, இவ்வளவுதான் அங்கே. எந்தப் பிள்ளையின் பெயரும் அங்கே வரக்கூடாது, அனுமதி வாங்காமல் படமும் போடக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பள்ளி, குடும்பம் இரண்டும் சேர்ந்து இயங்குவதைப் பல வருடங்களாக ஆராய்ந்த ஜாய்ஸ் எப்ஸ்டைன், குடும்பத்தின் பங்கை ஆறு வகையாகப் பிரிக்கிறார். தகவல் பரிமாற்றம் அதில் ஒன்று மட்டும்தான். வீட்டில் பிள்ளையின் படிப்புக்குத் துணையாக இருப்பது, பள்ளி எடுக்கும் முடிவுகளில் இடம்பெறுவது எல்லாம் தனித்தனி வகைகள். நான் பல வருடம் அந்த ஒன்றையும் ஒருவழிப் பாதையாகவே வைத்திருந்தேன்.

அந்த இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். கேள்விகள் அனுப்ப ஆரம்பித்து இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலை பையைக்கூட இறக்காமல் நேராக என் மேசைக்கு வந்தான். "டீச்சர், எங்கம்மா உங்களை ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ஒரு சட்டை தைக்க எத்தனை துண்டு துணி வெட்டணும்னு உங்களுக்குத் தெரியுமா?" அவர் வேலை பார்ப்பது தையல் பிரிவில்.

எனக்குத் தெரியவில்லை. வகுப்பையே கேட்டேன். எல்லோரும் குனிந்து அவரவர் சட்டையை எண்ண ஆரம்பித்தார்கள். காலர் ஒரு துண்டா இரண்டா என்று தகராறு, பை சேருமா சேராதா என்று இன்னொரு தகராறு, ஒருத்தி பட்டன் பட்டியைத் தனியாக எண்ணவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் பலகையில் நான்கு வேறு விடைகள் இருந்தன. நான்கையும் ஒரு தாளில் எழுதி, எது சரி என்று உங்கம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா என்று அவனிடம் கொடுத்தனுப்பினேன்.