மும்பை மழைக்காலமும் பெரியவர்களின் டயப்பர் புண்ணும்

ஜூன் தொடங்கினால் மும்பையில் காற்றே ஈரம். டயப்பருக்குள் தோல் சீக்கிரம் ஊறிவிடும். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை பாருங்கள். மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள்; சிறுநீரோடு சேர்ந்தால் தோலை அரிக்கும்.

வெதுவெதுப்பான நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். பாவம், வலிக்கும், தேய்க்காதீர்கள். இடுக்கு நன்றாகக் காய்ந்தபின் ஜிங்க் ஆக்சைடு க்ரீமைத் தோல் தெரியாத அளவு பூசுங்கள். அடுத்த முறை அழுக்கான மேல்படலத்தை மட்டும் துடைத்தால் போதும். முழுதும் சுரண்டினால் புதுத்தோலும் உரியும். பவுடர் வேண்டாம், மடிப்பில் கட்டியாகி உரசும்.

சிவப்பின் ஓரத்தில் சின்னப் புள்ளிகள் தெறித்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சை: 1% க்ளோட்ரிமசோல் க்ரீம் தினம் இருமுறை, அதன்மேல் ஜிங்க். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள், தோல் மெலியும். மூன்று நாளில் குறையாவிட்டாலோ, தோல் உரிந்து நீர் வடிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.