சிப் மட்டும் குளிரவில்லை

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் டைல்யூஷன் ஃபிரிட்ஜின் (தனிப்பூஜ்யத்தை ஒட்டிக் குளிர்விக்கும் எந்திரம்) பல்ஸ் டியூப் என்ற குளிர்விப்பான் ராத்திரி பகல் பார்க்காமல் 'உஸ்... உஸ்' என்று இரைந்துகொண்டே இருக்கும். நாலைந்து மாதத்தில் அந்தச் சத்தம் மூச்சோடு மூச்சாகிவிட்டது. உள்ளே தங்க முலாம் பூசிய செம்புத் தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். கடைசித் தட்டில் எங்கள் சிப்.

எங்களுக்கு முன்னோடி 2010இல் அமெரிக்காவின் சான்டா பார்பராவில் இயற்பியலாளர்கள் ஆரன் ஓ'கானல், ஆண்ட்ரூ கிளீலண்ட், ஜான் மார்ட்டினிஸ் குழுவினர் செய்த சோதனை. நொடிக்கு 600 கோடி தடவை அதிரும் ஓர் அலுமினியம் நைட்ரைடு துண்டு. அதை 25 மில்லிகெல்வினுக்கு, அதாவது தனிப்பூஜ்யத்துக்கு மேலே ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்குக்குக் குளிர்வித்து, ஒரு க்யூபிட்டோடு (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) கோத்து, அதிர்வின் ஒற்றைக் குவாண்டம், அதாவது அதிர்வின் மிகச்சிறிய துளி, இருக்கும் நிலையையும் இல்லாத நிலையையும் ஒருசேர நிலவச் செய்தார்கள். சில நானோ நொடிதான் தாங்கியது. ஆனாலும் அது கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த ஒரு பொருள்!

அந்த 600 கோடியில்தான் சூட்சுமம் என்பேன். அவ்வளவு வேகமான அதிர்வில் ஒரு குவாண்டத்தின் ஆற்றல் ஏறக்குறைய 0.3 கெல்வினுக்குச் சமம். 25 மில்லிகெல்வின் சூட்டால் அதை எழுப்பவே முடியாது. துண்டு தானாக அடங்கிவிடும். நொடிக்குப் பத்து லட்சம் தடவை மட்டுமே அதிரும் துண்டாக இருந்தால், 50 மைக்ரோகெல்வினுக்கும் கீழே போகவேண்டும். எங்கள் ஃபிரிட்ஜுக்கு அது எட்டாத ஆழம்.

ஒரு தடவை தெர்மாமீட்டர் 12 மில்லிகெல்வின் காட்டியது. எங்கள் சிப்பில் இருந்த க்யூபிட்டோ, யாரோ உலுக்கி எழுப்பியதுபோல அடிக்கடி கிளர்நிலையிலேயே (ஆற்றல் ஏறிய நிலை) கிடந்தது. கேபிளைச் சந்தேகித்தோம், ஃபில்டரைச் சந்தேகித்தோம், மேலிருந்து அகச்சிவப்பு கசிகிறதோ என்றும் பார்த்தோம். மூன்று வாரம் ஓடிப்போயிற்று. கடைசியில் சூடேற்றித் திறந்தோம். சிப்பைத் தாங்கும் செம்புக் கட்டையைக் கழற்றித் திருப்பினால், தட்டில் பதியும் முகத்தில் பழுப்பேறிய கட்டைவிரல் ரேகை. என்னுடையது. கையுறை போடாமல் எப்போதோ தொட்டிருக்கிறேன். துடைக்காமலே முடுக்கியும் இருக்கிறேன். தெர்மாமீட்டர் சொன்னது தட்டின் குளிரை. சிப்பின் சூடு இறங்கிவர வழி அடைத்துக் கிடந்திருக்கிறது.

நைசான உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேய்த்தேன். ஆல்கஹாலில் துடைத்து, நாலு திருகையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மறுபடி குளிர இரண்டு நாள். அன்று விடியற்காலை அளந்தபோது க்யூபிட் தூங்கும் குழந்தைபோல அடங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2023இல் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் யிவென் சூ குழுவினர் 16 மைக்ரோகிராம் எடையுள்ள சஃபையர் படிகத்தை, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அதிர்வுகளில் ஒரே நேரத்தில் நிறுத்திக் காட்டினார்கள். நுண்மணல் எடை! அந்தக் கட்டுரை கைக்கு வந்ததும், சிப்பைத் தட்டோடு எப்படிப் பிணைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடினேன்.