தாத்தாவின் கதைக்கு விழுந்த சி பிளஸ்

போன வாரம் முடிவு வந்தது. ஏ மைனஸ். மிட்டெர்ம் கட்டுரைக்கு சி பிளஸ் வாங்கியவனுக்கு இது போதும். கூட்டு நினைவு பாடத்தை (ஒரு சமூகம் எதைச் சேர்ந்து நினைவில் வைத்திருக்கிறது, ஏன் என்பது பற்றியது) அடுத்த செமஸ்டர் எடுக்கப்போகும் இரண்டு பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

அந்த சி பிளஸ் கட்டுரையை ரசித்து ரசித்து எழுதியிருந்தேன். 1943 ஜூலையில் சிங்கப்பூரின் பாடாங் திடலில் நேதாஜி பேசியதை என் தாத்தா எட்டு வயதில் யாரோ ஒருவர் தோளில் ஏறிப் பார்த்த கதை. பேராசிரியர் ஓரத்தில் கேட்டிருந்தது ஒன்றுதான்: இதை எப்போதிலிருந்து சொல்கிறார்?

கோபம்தான் வந்தது. அப்புறம் அம்மாவிடம் கேட்டேன். "எங்க சின்ன வயசுல சொன்னதே இல்லடா. எஸ்பிளனேட் பக்கம் கல் வச்சாங்களே, அதுக்கப்புறம்தான்."

1945 ஜூலையில் நேதாஜி அங்கே இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தைக் குறிக்கும் கல் வந்தது 1995இல். தாத்தா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. கேட்க ஆள் வந்த பிறகுதான் அவருக்கும் வாய் திறந்திருக்கிறது. 1925லேயே பிரெஞ்சு சமூகவியலாளர் ஹால்ப்வாக்ஸ் சொன்ன 'சமூகச் சட்டகம்', அதாவது நம் நினைவைத் தாங்கிப் பிடிக்கும் சுற்றுவட்டம், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

ஆகவே எந்த உதாரணம் எடுத்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். நடந்த ஆண்டு இல்லை, நினைக்க ஆரம்பித்த ஆண்டு. இறுதித் தேர்வில் நான் பீச் ரோடு போர் நினைவுத் தூணை எழுதினேன். ஜப்பானியர் சீனர்களைப் படுகொலை செய்தது 1942இல். சிக்லாப்பில் எலும்புகள் கிடைத்தது 1962இல். சீன வர்த்தக சபை தன் சமூகத்தாரின் எச்சங்களை அடக்கம் செய்யக் கிளம்பியது. 1967இல் திறந்தபோது அது நான்கு இனங்களுக்கும் நான்கு தூண்களாக நின்றது. நாடு சுதந்திரமடைந்து இரண்டே ஆண்டு. புது நாட்டுக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு நினைவு தேவைப்பட்டது. மீதியை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

மற்றவை:

- ஹால்ப்வாக்ஸ் நாஜி முகாமில் இறந்த கதைக்கு ஒரு பத்தியை வீணாக்காதீர்கள்.
- பிரெஞ்சு வரலாற்றாசிரியர் நோராவை எல்லாக் கட்டடத்துக்கும் ஒட்டாதீர்கள். உயிருள்ள நினைவு வற்றும்போதுதான் அவருடைய 'நினைவிடங்கள்' முளைக்கின்றன.
- ஜெர்மன் அறிஞர் அஸ்மான் சொல்வது: வீட்டுப் பேச்சாக வாழும் நினைவுக்கு 80 முதல் 100 ஆண்டு ஆயுள். 1942ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த பிப்ரவரி 15ஐ நினைவுகூரும் பள்ளிச் சடங்குகளுக்கு இன்று ஏன் இவ்வளவு கனம் என்று புரியும்.
- பழைய சீன இடுகாடான புக்கிட் பிரவுன் நல்ல உதாரணம். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எழுதுவார்கள்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஆகாது, அதுபற்றி என்னைக் கேட்காதீர்கள். டியூட்டோரியலில் வாய் திறக்காமல் இருந்து மதிப்பெண்ணை விட்டவன் நான்.

தாத்தா இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறார். போன தீபாவளிக்குச் சொன்னபோது பாடாங்கில் மழை கொட்டியதாம். என் கட்டுரையில் மழை இல்லை.